டெல்லியில் வசந்தம்: பூ, கோட்டை, கல்லறை எல்லாவற்றையும் அலைச்சல் இல்லாமல் பார்க்க முழுமையான வழிகாட்டி

பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்து மே மாதம் டெல்லிக்குக் கிளம்புவது நம் ஊர்க் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். 40 டிகிரி தாண்டிய வெயிலில் செங்கோட்டையின் கல் தரையில் பத்து நிமிடம் நடந்தாலே பயணம் வெறுத்துவிடும். அதற்குப் பயந்து டிசம்பர், ஜனவரியில் போனால் பனிமூட்டம். விமானமும் ரயிலும் தாமதம், ஐம்பது அடி தள்ளி நிற்கும் கோபுரம்கூடத் தெரியாது. நடந்து சுற்ற டெல்லி தோதாக இருப்பது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரையிலான ஐந்து வாரம்தான். நான்கு நாள் கையில் இருந்தால் போதும். எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த இடம் என்ற வரிசையைச் சரியாகப் போட வேண்டும். வரிசை தவறினால் அதே நான்கு நாளில் பாதி இடங்களின் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள்.

முதலில் தேதியை முடிவு செய்யுங்கள்

ஐந்து வாரமும் ஒரே மாதிரி இருக்காது. பிப்ரவரி முதல் வாரத்தில் விடியற்காலை 8, 9 டிகிரி வரை இறங்கும், பனிமூட்டமும் முழுதாக விட்டிருக்காது. பிப்ரவரி 15-க்கு மேல் பகல் 24, 25 டிகிரி. காலையில் ஸ்வெட்டர் வேண்டும், பதினொரு மணிக்கு அதைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். மார்ச் நடுவில் பகல் 30-ஐத் தொடும். மார்ச் 20-க்குப் பிறகு 33, 34 ஆகி, பாத்திகளில் வைத்த குளிர்காலப் பூச்செடிகள் வாடத் தொடங்கும்.

துலிப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் பிப்ரவரி மூன்றாவது, நான்காவது வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். சாணக்யபுரியில் தூதரகங்கள் வரிசையாக இருக்கும் சாந்தி பத் சாலையோரத்தில் புது டெல்லி நகராட்சி மன்றம் நெதர்லாந்திலிருந்து கிழங்குகளை வரவழைத்து நடுகிறது. குளிர் நாட்டுச் செடி என்பதால் பகல் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டிவிட்டால் இதழ் விரிந்து, தளர்ந்து, நான்கைந்து நாளில் கதை முடிந்துவிடும். பிப்ரவரியிலேயே வெயில் ஏறிவிட்ட ஆண்டுகளில் மார்ச் முதல் வாரம் போனவர்கள் வெறும் தண்டைத்தான் பார்த்தார்கள்.

மார்ச்சில் போகிறவர்களுக்குக் கிடைப்பது இலவ மரம். அங்கே சேமல் என்பார்கள். 'இலவு காத்த கிளி' என்று நாம் சொல்லும் மரத்தின் வகைதான். இலை முழுவதும் உதிர்ந்து, மொட்டைக் கிளையில் உள்ளங்கை அகலச் சிவப்புப் பூக்கள். இதழ் தடித்து மெழுகு தடவியது போல் இருக்கும். கீழே விழும்போது 'தொப்' என்று சத்தம் கேட்கும். மைனா, காக்கை, கிளி எல்லாம் தேனுக்காக அந்த மரத்தில்தான். அடியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். இன்னொன்று: டெல்லியில் வேம்பும் அரசும் இலை உதிர்ப்பது இந்த மாதங்களில்தான். ஒரு பக்கம் பூ, மறு பக்கம் கணுக்கால் வரை சருகு, அதற்கு மேலே அரசின் செம்புநிறத் தளிர். மரம் பட்டுப்போய்விட்டதோ என்று கவலைப்பட வேண்டாம்.

ஹோலி எந்தத் தேதியில் வருகிறது என்று பாருங்கள். 2027-இல் மார்ச் 22. அன்று மெட்ரோ பிற்பகல் 2.30-க்குத்தான் ஓடத் தொடங்கும். கடைகளும் பெரும்பாலும் திறக்காது. ஹோலிக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே குறுகிய சந்துகளில் தண்ணீர் பலூன் மேலே விழும். நல்ல சட்டையும் கேமராவும் வெளியே எடுக்காமல் இருப்பது நல்லது.

திங்கட்கிழமைப் பொறி

டெல்லிப் பயணம் கெடுவதற்கு முதல் காரணம் இதுதான். செங்கோட்டை, குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம், அக்‌ஷர்தாம் கோயில், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம், தீன் மூர்த்தியில் உள்ள பிரதமர்கள் அருங்காட்சியகம், இத்தனையும் திங்களன்று விடுமுறை. ஞாயிறு காலை வந்து இறங்கி, ஓய்வெடுத்து, திங்களிலிருந்து சுற்றலாம் என்று திட்டமிடும் குடும்பங்கள் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன.

திங்களை வீணாக்க வேண்டியதில்லை. குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, லோதி தோட்டம், சுந்தர் நர்சரி, இந்தியா கேட், போர் நினைவிடம், பங்களா சாஹிப் குருத்வாரா எல்லாம் அன்றும் திறந்திருக்கும். கீழே உள்ள நான்கு நாள் திட்டத்தில் இரண்டாம் நாளோ நான்காம் நாளோ திங்களில் வருமாறு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடமும் போக்குவரத்தும்

மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள். அறையின் அழகைவிட அது முக்கியம். கரோல் பாக் நம்மவர்களுக்குப் பழகிய இடம். நடுத்தர வாடகை ஓட்டல்களும் தென்னிந்திய உணவகங்களும் உண்டு, நீல வழித்தட மெட்ரோ வாசலில். பஹாட்கஞ்ச் புது டெல்லி ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது, மலிவு, ஆனால் இரைச்சல். விமானத்தில் மூன்றாம் முனையத்தில் இறங்கினால் விமான நிலைய மெட்ரோவில் சுமார் 20 நிமிடத்தில் புது டெல்லி நிலையம் வந்துவிடலாம்; டாக்சி அந்த நெரிசலில் ஒரு மணி நேரம் எடுக்கலாம். சென்னை சென்ட்ரலிலிருந்து இரவில் கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சுமார் 33 மணி நேரத்தில், மூன்றாம் நாள் காலை, கொண்டு சேர்க்கும்.

மெட்ரோவில் மனதில் வைக்க வேண்டியவை மஞ்சள், ஊதா என்ற இரண்டு வழித்தடங்கள். மஞ்சளில் சாந்தினி சௌக், ராஜீவ் சௌக், மத்திய செயலகம், ஜோர் பாக், ஐஎன்ஏ, குதுப் மினார். ஊதாவில் லால் கிலா, ஜாமா மஸ்ஜித், கான் மார்க்கெட், ஜேஎல்என் ஸ்டேடியம், கால்காஜி மந்திர். இரண்டும் மத்திய செயலகத்தில் சந்திக்கும். ராஜீவ் சௌக்கில் தடம் மாறுவதைக் காலை 9 முதல் 10.30 வரையும் மாலை 5.30 முதல் 8 வரையும் தவிர்த்துவிடுங்கள். பெரியவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். நடைமேடையில் இளஞ்சிவப்புப் பலகை இருக்கும். அவசரத்தில் அதில் ஏறும் ஆண்களுக்கு அபராதம் உண்டு. ஸ்மார்ட் கார்டு வாங்கிக்கொண்டால் கட்டணத்தில் 10 சதவீதம் குறையும், ஒவ்வொரு முறையும் வரிசையில் நிற்கவும் வேண்டாம்.

நிலையத்திலிருந்து இடத்துக்குப் போகக் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் சிக்கல். ஆட்டோவில் மீட்டர் போடச் சொன்னால் பெரும்பாலும் தலையாட்ட மாட்டார்கள். செல்போன் செயலியில் கட்டணத்தைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசினால் ஏமாற மாட்டீர்கள். பகிர்ந்து போகும் இ-ரிக்‌ஷா இருந்தால் அதுதான் மலிவு.

தொல்லியல் துறையின் பெரிய இடங்களில் வாசலில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து டிக்கெட் எடுங்கள். குதுப் மினாருக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் இணையத்தில் 35 ரூபாய், கவுண்டரில் 40. பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை. இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் இந்தியர் கட்டணமே, தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கில் உள்ள நாடு என்பதால். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படியே. சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் வெளிநாட்டவர் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். அது இதைவிடப் பத்து மடங்குக்கு மேல்.

முதல் நாள்: குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம்

2023 ஜனவரி வரை முகல் தோட்டம். இப்போது அம்ரித் உத்யான். பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்த 15 ஏக்கர். பிப்ரவரி தொடக்கத்தில் திறந்து மார்ச் இறுதி வரை பொதுமக்களை விடுவார்கள், கட்டணம் கிடையாது. அந்த ஆண்டின் சரியான தேதியை மாளிகையின் இணையதளத்தில் பார்த்து, அங்கேயே நேரமும் பதிவு செய்யுங்கள். சனி, ஞாயிறு சீக்கிரம் நிரம்பிவிடும். பதிவு இல்லாமல் போனாலும் வாசலில் உள்ள கருவியில் பதிந்துகொண்டு உள்ளே போகலாம், வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும்.

பலர் தவறுவது வாசலில். இந்தியா கேட்டிலிருந்து நேராக மேலே ஏறி, இரும்புக் கதவுக்கு முன்னால் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பொதுமக்களுக்கான வழி 35-ஆம் எண் வாசல், நார்த் அவென்யூ பக்கம். மத்திய செயலக மெட்ரோவின் 4-ஆம் வாசலில் இறங்கினால் தோட்டம் திறந்திருக்கும் நாட்களில் அங்கிருந்து இணைப்புப் பேருந்து விடுகிறார்கள். அதைப் பிடிப்பதே நல்லது.

செல்போன், பர்ஸ், தண்ணீர் பாட்டில், குழந்தைக்குப் பால் பாட்டில், குடை கொண்டுபோகலாம். தின்பண்டமும் கேமராவும் கூடாது. உள்ளே ஒருவழிப் பாதை. தாண்டிய இடத்துக்குத் திரும்பி வர விடமாட்டார்கள். ஆகவே நடுத் தோட்டத்தில் அவசரப்படாதீர்கள். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வாய்க்கால்கள், அவை வெட்டிக்கொள்ளும் இடங்களில் தாமரை வடிவ நீரூற்றுகள் ஆறு. அதை அடுத்த நீளத் தோட்டத்தில் ரோஜா. கடைசியில் வரும் வட்டத் தோட்டம் படிப்படியாகக் கீழிறங்கும், ஒவ்வொரு வளையத்திலும் ஒவ்வொரு நிறம். ரோஜாவின் வாசனை காலை பத்து, பதினொன்றுக்குள்தான். வெயில் ஏறினால் நிறம் மட்டும் மிஞ்சும். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அங்கிருந்து ஆட்டோவில் சாந்தி பத். வண்டியை நிறுத்தி வைக்க விடமாட்டார்கள், இறங்கி நடக்க வேண்டும். தூதரகக் கட்டடங்களின் வாசலைப் படம் எடுக்காதீர்கள். பக்கத்திலேயே ராமகிருஷ்ணபுரத்தில் குன்றின் மேல் முருகன் கோயில் இருக்கிறது. டெல்லிக்காரர்கள் மலை மந்திர் என்பார்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி உத்திரம் உங்கள் தேதியில் விழுந்தால் டெல்லித் தமிழர்களின் கூட்டத்தை அங்கே பார்க்கலாம்.

இருட்டும் நேரம் இந்தியா கேட். 42 மீட்டர் வளைவை ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். அதன் பின்னால் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்துக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். வட்டமாக எழுப்பிய சுவர்களில், கல் ஒன்றுக்கு ஒரு பெயராக, 25,000-க்கும் மேற்பட்ட வீரர்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்று பொறித்த கற்களில் நம் ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டே நடக்கலாம்.

இரண்டாம் நாள்: லோதி தோட்டத்திலிருந்து ஹுமாயூன் வரை

நான்கு நாளில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். ஜோர் பாக்கில் இறங்கி, காலை ஏழு மணிக்கெல்லாம் லோதி தோட்டத்தில் இருங்கள். கட்டணமில்லை. 90 ஏக்கர் புல்வெளிக்கு நடுவே 15, 16-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள் கிடக்க, அவற்றைச் சுற்றி டெல்லி நடைப்பயிற்சி செய்துகொண்டிருக்கும். முகமது ஷா சையதின் கல்லறை 1444-ஐச் சேர்ந்தது, எண்கோணம். சிக்கந்தர் லோதியுடையதும் எண்கோணம். நடுவில் உள்ள பரா கும்பத், ஷீஷ் கும்பத் இரண்டும் சதுரம். அரசனுக்கு எண்கோணம், பிரபுவுக்குச் சதுரம் என்று அந்தக் காலத்தில் ஒரு பழக்கம். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் எந்தக் கட்டடமும் சலிக்காது. ஷீஷ் கும்பத்தின் நெற்றியில் நீல ஓடுகள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன; காலை வெயில் பட்டால்தான் அவை பளிச்சென்று தெரியும்.

பத்து மணிக்கு மேல் ஆட்டோவில் சுந்தர் நர்சரி. நிஜாமுதீன் பக்கம், ஹுமாயூன் கல்லறையை ஒட்டியே இருக்கிறது. பிரிட்டிஷார் காலத்தில் நாற்றங்காலாக இருந்ததை ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை சீரமைத்து, 2018-இல் திறந்தார்கள். சிறு தொகைதான் நுழைவுக் கட்டணம். உச்சி வெயில் நேரத்தை இதன் மர நிழலில் கழியுங்கள். ஞாயிறு போனால் டெல்லியே பாயை விரித்துப் படுத்திருக்கும். வார நாளே உத்தமம்.

ஹுமாயூன் கல்லறைக்கு மூன்றரை மணிக்கு மேல் போக வேண்டும். நுழைவது மேற்கு வாசல் வழியாக. சாயும் வெயில் நேராகச் சிவப்புக்கல் முகப்பில் விழும். காலையில் போனால் முகப்பு நிழலில் இருக்கும், படமும் இருட்டாக வரும். நுழைந்ததும் வலப்பக்கம் இசா கான் என்ற பிரபுவின் கல்லறை; 1547-இல் கட்டியது, ஹுமாயூனுடையதைவிட இருபது ஆண்டுக்கு மேல் மூத்தது. பெரும்பாலோர் பெரிய குவிமாடம் தெரிந்ததும் இதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். பெரிய கல்லறையின் மேடைக்கு ஏறும் படிகள் ஒவ்வொன்றும் ஓர் அடிக்கும் மேல் உயரம். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே தோட்டத்திலேயே உட்காரலாம், முழுக் கட்டடமும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரிகிறது. அன்று வியாழனாக இருந்தால் எதிரே நிஜாமுதீன் தர்காவில் மாலை கவ்வாலி என்ற சூஃபி பக்திப் பாட்டு. தலைக்குத் துணி வேண்டும், பர்ஸை முன்பையில் வையுங்கள்.

மூன்றாம் நாள்: பழைய டெல்லி

திங்கள் கூடாது, செங்கோட்டைக்கு விடுமுறை; ஞாயிறும் கூடாது, அன்று கடைகள் மூடியிருக்கும். வெள்ளி நண்பகலில் ஜாமா மஸ்ஜித் பார்க்க முடியாது. ஆக, செவ்வாய் முதல் வியாழன் வரை, அல்லது சனி.

காலை எட்டரைக்கு ஜாமா மஸ்ஜித்தில் தொடங்குங்கள். ஷாஜகான் கட்டி 1656-இல் முடிந்த பள்ளிவாசல். கை, கால் மூடிய உடை. தரை சுடாமல் இருக்கும் காலை நேரம்தான் வெறுங்காலுக்கு நல்லது. அங்கிருந்து கினாரி பஜார் சந்துகள் வழியாக சாந்தினி சௌக் நோக்கி நடங்கள். தள்ளுவண்டியிலோ கூடையிலோ மஸ்லின் துணி மூடிய தாம்பாளத்தில் வெளிர் மஞ்சள் நுரை ஒன்று தெரிந்தால் நில்லுங்கள்: தௌலத் கி சாட். பாலை இரவுக் குளிரில் வைத்து, விடியலில் கடைந்து எடுக்கும் நுரை. மேலே குங்குமப்பூ, பாலைச் சுண்டக் காய்ச்சிய கோவா, பொடித்த சர்க்கரை. வாயில் வைத்ததும் காணாமல் போகும். குளிர் விட்டால் நுரை நிற்காது என்பதால் ஹோலியை ஒட்டி இதுவும் காணாமல் போய்விடும். பதினொரு மணிக்கு மேல் தேடினால் தண்ணீர் விட்டுப்போயிருக்கும்.

பராட்டா சந்தில் பராட்டாவைக் கல்லில் சுடுவதில்லை, நெய்யில் முக்கிப் பொரிக்கிறார்கள். இரண்டை நான்கு பேர் பகிர்ந்தால் போதும். சாந்தினி சௌக் பிரதான சாலையில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிக்குத் தடை; நடை, இல்லாவிட்டால் சைக்கிள் ரிக்‌ஷா. 'எல்லாம் சுற்றிக் காட்டுகிறேன்' என்பவரிடம் எந்தெந்த இடம், மொத்தம் எவ்வளவு, ஒருவருக்கா வண்டிக்கா என்று மூன்றையும் கேட்டுவிட்டு ஏறுங்கள். மேற்குக் கோடியில் காரி பாவ்லி மசாலாச் சந்தை. மிளகாய் மூட்டை பிரிக்கும் இடத்தில் தும்மல் வரிசையாக வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

செங்கோட்டையைப் பிற்பகலில் வையுங்கள், மூன்று மணிக்குள் நுழைந்துவிட வேண்டும். லாகூர் வாசலைக் கடந்ததும் வரும் கூரையிட்ட கடைத்தெருவில் நேரத்தைத் தொலைத்துவிட்டு, மன்னரின் தனி அவை மண்டபமான திவான்-இ-காஸ் பார்க்காமலே திரும்புகிறவர்கள் ஏராளம். கடைகளை வெளியே வரும்போது பாருங்கள்.

நான்காம் நாள்: மெஹ்ரௌலி, பிறகு விருப்பம்போல்

குதுப் மினார் காலை ஏழுக்கு. முந்தின நாள் மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது. தூசி அடங்கி வானம் நீலமாக இருக்கும். 72.5 மீட்டர், 379 படி. உள்ளே ஏறும் ஆசை வேண்டாம். 1981-இல் நெரிசலில் 45 பேர் இறந்த பிறகு ஏற விடுவதில்லை. இரும்புத் தூண் 7.2 மீட்டர், குப்தர் காலம். 1,600 ஆண்டுகள் துருப்பிடிக்காமல் நிற்பதற்குக் காரணம் இரும்பில் உள்ள அதிகப் பாஸ்பரஸ். அது மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. கட்டிப்பிடித்தால் நினைத்தது நடக்கும் என்று தொட்டுத் தொட்டே அந்தப் படலம் தேய்ந்ததால் சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள். பக்கத்து மசூதியின் தூண்களை அருகே போய்ப் பாருங்கள். மணியும் சங்கிலியும் செதுக்கிய பழைய கோயில் தூண்கள் அவை.

வெளியே வந்து ஐந்து நிமிட நடையில் மெஹ்ரௌலி தொல்லியல் பூங்கா, இலவசம். 1506-இன் ராஜோன் கி பாவ்லி என்ற படிக்கிணற்றுக்காகவே போகலாம். பாதை புதர் மண்டியது. குழுவாகப் பகலில் மட்டும்.

பிற்பகலுக்கு இரண்டு வழி. அக்‌ஷர்தாம் போவதானால் (திங்களன்று முடியாது) செல்போன், கேமரா, பை எதுவும் உள்ளே விடமாட்டார்கள். ஓட்டலிலேயே விட்டுவிட்டுப் பணமும் அடையாள அட்டையும் மட்டும் கொண்டுபோனால் பொருள் வைக்கும் வரிசையில் நிற்கும் ஒரு மணி நேரம் மிச்சம். ஒருவரை ஒருவர் தவறவிட்டால் அழைக்க முடியாது, சந்திக்கும் இடத்தை முன்பே பேசிவையுங்கள். அது வேண்டாமென்றால் திரும்பும் வழியில் ஐஎன்ஏ நிலையத்தில் இறங்கி தில்லி ஹாட். கைவினைப் பொருளும் மாநிலத்துக்கொரு சாப்பாட்டுக் கடையும்.

உடம்புக்கு

மார்ச்சில் காற்றில் மகரந்தம் அதிகம். டெல்லியில் பரவிக்கிடக்கும் காகித மல்பெரி மரம் இதில் முதல் குற்றவாளி. ஒவ்வாமை உள்ளவர்கள் மாத்திரையையும் முகக்கவசத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். சென்னையின் ஈரக்காற்றுக்குப் பழகிய தோலும் உதடும் இரண்டாம் நாளே வெடிக்கும். தேங்காய் எண்ணெய் சிறு பாட்டில் போதும். வியர்க்காததால் தாகம் தெரியாது, மணிக்கொரு முறை தண்ணீர் குடியுங்கள்.

ஐந்தாவது நாள் ஆக்ரா போக நினைத்தால் வெள்ளியைத் தவிருங்கள். தாஜ்மகாலுக்கு அன்று விடுமுறை, நிஜாமுதீனிலிருந்து காலையில் கிளம்பி 100 நிமிடத்தில் ஆக்ரா சேரும் கதிமான் எக்ஸ்பிரஸும் அன்று ஓடாது. மற்ற நாட்களில் அதே ரயிலில் மாலை திரும்பிவிடலாம். நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். கல்லறை மேடைக்கு ஏற இன்னும் 200 என்று தனி டிக்கெட். இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.